வட்டக்கோட்டையில் ஒரு நாள் முகாம்!



சாகச முகாம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? கயிற்றில் தொங்கிக்கொண்டு மலை ஏறுவதா? அடர்ந்த காட்டுக்குள் கூடாரம் அடிப்பதா? அதற்கெல்லாம் இமயமலை வரை போக வேண்டுமே என்று பெருமூச்சு விடுகிறீர்களா?

கவலையே வேண்டாம். நம் தமிழ்நாட்டின் தென்கோடியில், கடலுக்குள் கால் நீட்டி உட்கார்ந்திருப்பது போல ஒரு கோட்டை இருக்கிறது. அதுதான் வட்டக்கோட்டை. கன்னியாகுமரியிலிருந்து வடகிழக்கே சுமார் 6 கிலோ மீட்டர் தூரம். பக்கத்து ஊர் அஞ்சுகிராமம். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை, நடுவே தென்னையும் பனையும். ஒரு வகுப்பு முழுவதும் ஒரு நாள் முகாம் போட இதைவிட நல்ல இடம் கிடைக்குமா?

உங்கள் வகுப்பில் 32 பேர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஆசிரியர்களும் உடன் வருகிறார்கள். வாருங்கள், கற்பனையிலேயே அந்த முகாமை நடத்திப் பார்த்துவிடுவோம். பிறகு உங்கள் ஆசிரியரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டி, நிஜமாகவே நடத்துங்கள்!

முதல் முகாம்

மாணவர் முகாம் என்றாலே ஒரு பெயரைச் சொல்லியாக வேண்டும். அவர் பேடன் பவல். இங்கிலாந்து ராணுவ அதிகாரி. 1907ம் ஆண்டு ஆகஸ்ட் 1ம் தேதி, பிரவுன்சி என்ற சின்னத் தீவில் சுமார் 20 சிறுவர்களைச் சேர்த்து ஒரு வார முகாம் நடத்தினார். அதில் பணக்காரப் பள்ளிகளில் படித்தவர்களும் இருந்தார்கள், ஏழைக் குடும்பத்துப் பையன்களும் இருந்தார்கள். எல்லோரையும் கலந்து நான்கு அணிகளாகப் பிரித்தார். ஓநாய், காளை, அண்டங்காக்கை என்றெல்லாம் அணிகளுக்குப் பெயர். காலையில் எழுப்ப மணி அடிக்கவில்லை. ஆப்பிரிக்க மான் ஒன்றின் முறுக்குக் கொம்பை ஊதி எழுப்பினாராம்!

அங்கே சிறுவர்கள் கற்றது என்ன தெரியுமா? முடிச்சுப் போடுவது, காலடித் தடம் பார்ப்பது, சமைப்பது, முதலுதவி செய்வது, உயிரைக் காப்பாற்றுவது. எல்லாவற்றுக்கும் மேலாக, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கவனிப்பது. அந்த முகாமிலிருந்துதான் சாரணர் இயக்கம் பிறந்தது.

அந்த இயக்கம் இந்தியாவுக்கு வந்தபோது ஒரு சிக்கல். முதலில் இந்தியச் சிறுவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அன்னி பெசன்ட் அம்மையார் சும்மா இருப்பாரா? ஜார்ஜ் அருண்டேலுடன் சேர்ந்து, 1916ல் நம் சென்னையிலேயே இந்தியச் சிறுவர்களுக்காகத் தனிச் சாரணர் சங்கம் தொடங்கினார். நாடு விடுதலை பெற்ற பிறகு, தனித்தனியாக இருந்த சங்கங்கள் ஒன்று சேர்ந்தன. 1950 நவம்பர் 7ம் தேதி பாரத சாரண, சாரணியர் இயக்கம் உருவானது. உங்கள் பள்ளியிலும் கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிய அண்ணன், அக்கா இருப்பார்களே, அவர்கள் இந்த வழி வந்தவர்கள்தான்.

புறப்படும் முன்

முகாம் கோட்டையில் தொடங்குவதில்லை. ஒரு வாரம் முன்பே வகுப்பறையில் தொடங்குகிறது.

முதல் வேலை, நாள் குறிப்பது. குமரி மாவட்டத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. தென்மேற்குப் பருவமழையும் இங்கே பெய்யும், வடகிழக்குப் பருவமழையும் பெய்யும். அதனால் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் முகாமுக்கு வசதி. வெயிலும் கொஞ்சம் கருணை காட்டும்.

இரண்டாவது வேலை, அணி பிரிப்பது. எட்டு எட்டுப் பேராக நான்கு அணிகள். மயில், நாரை, பருந்து, மீன்கொத்தி என்று பெயர் வையுங்கள். நெருங்கிய நண்பர்கள் எல்லாம் ஒரே அணியில் சேர்ந்துவிடக் கூடாது. அதிகம் பேசாத பையனுக்கும், புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கும் அணியில் ஒரு பொறுப்பு கொடுங்கள்.

மூன்றாவது வேலை, பை கட்டுவது. தண்ணீர் பாட்டில், தொப்பி, நோட்டு, பென்சில், ஆறு அடி நூல் கயிறு, ஒரு துணிப்பை. அணிக்கு ஒரு முதலுதவிப் பெட்டி, ஒரு விசில், மணல் நிரப்பிய டப்பா, இரண்டு நேரான குச்சிகள். ஒன்று 1 அடி, இன்னொன்று 4 அடி. டப்பாவும் குச்சியும் எதற்கு என்கிறீர்களா? பொறுங்கள், சொல்கிறேன்.

சாப்பாடு? வீட்டிலிருந்து கட்டுச்சோறு. புளிச்சோறும் தேங்காய்த் துவையலும் வாழை இலையில் கட்டி வந்தால் மணம் ஆளைத் தூக்கும். கூடவே நம் குமரி மாவட்டத்து மட்டிப்பழம். 2023ல் புவிசார் குறியீடு பெற்ற பழம் அது. தோலோடு குப்பை முடிந்தது. பிளாஸ்டிக் உறையில் வரும் நொறுக்குத் தீனி வேண்டவே வேண்டாம்.

நான்காவது வேலைதான் மிக முக்கியம். ஒவ்வொருவருக்கும் ஓர் எண், ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி. 1ம் எண்ணுக்கு 2 ஜோடி. 3ம் எண்ணுக்கு 4 ஜோடி. ஆசிரியர் விசில் அடித்ததும் 1 முதல் 32 வரை வரிசையாகக் குரல் கொடுக்க வேண்டும். நடுவில் ஓர் எண் வரவில்லை என்றால் அத்தனை பேரும் அங்கேயே நிற்க வேண்டும். வராத எண்ணின் ஜோடி உடனே பதில் சொல்ல வேண்டும். "எனக்குத் தெரியாது சார்" என்ற பதில் மட்டும் இந்த முகாமில் செல்லாது!

நம் முகாமுக்கு மூன்றே மந்திரங்கள்தான். கவனி. எண்ணு. சொல்!

கைதி தளபதி ஆன கதை

கோட்டை வாசலுக்கு வந்துவிட்டோம். விசில்! எண்ணிக்கை முடிந்ததா? சரி, நிழலில் உட்காருங்கள். ஒரு கதை.

அந்தக் காலத்தில் இந்தப் பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. மார்த்தாண்ட வர்மா மன்னர். மிளகு வியாபாரத்துக்காக டச்சுக்காரர்கள் அவரோடு மோதினார்கள். 1741 ஆகஸ்டில் குளச்சலில் பெரிய சண்டை நடந்தது. டச்சுப் படை தோற்றது. பிடிபட்டவர்களில் ஒருவர் யூஸ்டாசியஸ் டி லனாய்.

கைதியை என்ன செய்வார்கள்? சிறையில் போடுவார்கள். மன்னர் வேறு மாதிரி யோசித்தார். டி லனாய்க்குக் கோட்டை கட்டத் தெரியும், படைக்குப் பயிற்சி கொடுக்கத் தெரியும் என்று கவனித்தார். அவரிடமே தன் வீரர்களை ஒப்படைத்தார். தோற்றுப்போன கைதி, திருவிதாங்கூர் படையின் தளபதியாக உயர்ந்தார். 'வலிய கப்பித்தான்' என்று மக்கள் அழைத்தார்கள். பெரிய கேப்டன் என்று அர்த்தம். 1777ல் இறந்தபோது உதயகிரிக் கோட்டையிலேயே அடக்கம் செய்தார்கள். புலியூர்க்குறிச்சிக்குப் போனால் அவருடைய கல்லறையை இன்றும் பார்க்கலாம்.

வட்டக்கோட்டையில் பழைய செங்கல் கோட்டை இருந்த இடத்தில், கருங்கல்லால் இந்தக் கோட்டையை எழுப்பியவர் அவர்தான். சுவரில் மீன் சின்னம் செதுக்கியிருப்பதைத் தேடிக் கண்டுபிடியுங்கள். மீன் பாண்டியர்களின் சின்னம் ஆயிற்றே! அதனால் பாண்டியர்களுக்கும் இந்த இடத்துக்கும் தொடர்பு உண்டு என்று சொல்வார்கள்.

1956 நவம்பர் 1ம் தேதி குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது. கோட்டை இப்போது மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

காலே அளவுகோல்!

இனி வேலை ஆரம்பம். மயில் அணி கோட்டையை அளக்கப் போகிறது. டேப் கிடையாது.

பள்ளி மைதானத்திலேயே 100 அடி தூரத்தை அளந்து, சாதாரணமாக நடந்து பழகிக்கொள்ளுங்கள். 50 எட்டில் கடந்தால், உங்கள் ஓர் எட்டு 2 அடி. இனி நீங்கள் எங்கே போனாலும் அளவுகோல் உங்கள் காலிலேயே இருக்கிறது!

கோட்டையின் பரப்பு சுமார் மூன்றரை ஏக்கர். ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. பெருக்கினால் சுமார் ஒன்றரை லட்சம் சதுர அடி. இது சரியான சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் சுமார் 390 அடி வர வேண்டும். நடந்து பாருங்கள். எவ்வளவு வருகிறது? சுவரின் கனத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்பக்கச் சுவர் 29 அடி கனம். உங்கள் வகுப்பறையின் நீளம்கூட அவ்வளவு இருக்காது. மூலைகள் சேரும் இடத்தில் 18 அடி, பின்பக்கம் 6 அடி.

முன்பக்கம் ஏன் அவ்வளவு கனம்? பின்பக்கம் ஏன் ஒல்லி? எதிரி எந்தப் பக்கமிருந்து வருவான், பீரங்கியை எங்கே வைப்பார்கள் என்று உங்கள் அணியில் விவாதம் செய்யுங்கள்.

அளந்து முடித்ததும் ஒரு வேடிக்கை புரியும். பெயர்தான் வட்டக்கோட்டை. வடிவம் வட்டம் இல்லை. கிட்டத்தட்ட நான்கு பக்கக் கோட்டை! பெயரை மட்டும் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் இது தெரிந்திருக்குமா?

நிழல் சொல்லும் திசை

நாரை அணி, டப்பாவை எடுங்கள். 1 அடிக் குச்சியை டப்பா மணலில் நேராக நடுங்கள். கோட்டைத் தரையில் குத்தக் கூடாது. அதற்குத்தான் டப்பா.

வெயிலில் டப்பாவைச் சமதளத்தில் ஒரு பெரிய தாளின் மேல் வையுங்கள். தாள் பறக்காமல் ஓரங்களில் பைகளை வைத்துக்கொள்ளுங்கள். நிழலின் நுனி தாளில் விழும் இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். 20 நிமிடம் பொறுங்கள். நிழல் நகர்ந்திருக்கும். இப்போது இன்னொரு புள்ளி. இரண்டையும் கோட்டால் சேருங்கள். முதல் புள்ளி மேற்கு, இரண்டாவது புள்ளி கிழக்கு. சூரியன் கிழக்கிலிருந்து மேற்கே போவதால், நிழல் மேற்கிலிருந்து கிழக்கே நகர்கிறது. திசைகாட்டி இல்லாமலே திசை கிடைத்துவிட்டது.

திசை தெரிந்ததா? காற்று எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு காற்றுக்கும் நம் முன்னோர் பெயர் வைத்திருக்கிறார்கள். வடக்கே இருந்து வந்தால் வாடை, கிழக்கே இருந்து வந்தால் கொண்டல், தெற்கே இருந்து வந்தால் தென்றல், மேற்கே இருந்து வந்தால் கோடை. தூரத்தில் சுற்றும் காற்றாலைகளையும் பாருங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பீறிட்டு வரும் காற்றை நம்பித்தான் முப்பந்தல் பகுதியில் அத்தனை காற்றாலைகளும் நிற்கின்றன.

இனி, சுவரின் உயரம். அதையும் நிழலே சொல்லும். 4 அடிக் குச்சியை நிறுத்துங்கள். அதன் நிழல் 2 அடி என்று வைத்துக்கொள்வோம். அதாவது நிழல், உயரத்தில் பாதி. அதே நேரத்தில் சுவரின் நிழல் பன்னிரண்டரை அடி இருந்தால், சுவர் 25 அடி. கோட்டைச் சுவர், கைப்பிடிச் சுவரையும் சேர்த்து 25, 26 அடி இருக்கும். உங்கள் விடை நெருங்கி வருகிறதா?

தெரியுமா உங்களுக்கு? ஆண்டுக்கு இரண்டு நாள், இந்தப் பகுதியில் நண்பகலில் நேராக நிற்கும் குச்சிக்கு நிழலே விழாது! ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் ஒரு நாள், செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு நாள். அன்று சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேலே நிற்கும்.

கடலைக் காவல் காக்கலாம்

பருந்து அணி, மெதுவாக மேலே ஏறுங்கள். தள்ளக் கூடாது, ஓடக் கூடாது, கைப்பிடிச் சுவரில் ஏறி உட்காரவே கூடாது.

இந்தக் கோட்டையின் வேலையே கடலைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான். மணலில் நிற்கும் உங்கள் கண் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1.4 மீட்டர் உயரத்தில் இருந்தால், தொடுவானம் சுமார் 4 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கும். அதே கண் 9 மீட்டர் உயரத்துக்குப் போனால், தொடுவானம் சுமார் 11 கிலோ மீட்டர் தள்ளிப் போய்விடும்! பூமி உருண்டை என்பதால் வரும் வித்தியாசம் இது. மேலே நின்ற காவலன், கீழே இருப்பவனுக்கு முன்பே கப்பலைப் பார்த்துவிடுவான். பார்த்ததும் என்ன செய்வான்? உடனே சொல்வான். சொல்லாத காவலனால் கோட்டைக்கு என்ன பயன்?

இப்போது நீங்கள் காவலர்கள். 10 நிமிடம் யாரும் பேசக் கூடாது. கண்ணில் பட்டதை எல்லாம் நோட்டில் எழுதுங்கள். எத்தனை வள்ளங்கள்? எந்தப் பக்கம் போகின்றன? அலைகள் எங்கே உடைகின்றன? எந்தப் பறவை தண்ணீரில் பாய்ந்தது? முடிந்ததும் எட்டுப் பேரின் நோட்டையும் ஒப்பிடுங்கள். ஒருவர் பார்த்ததை இன்னொருவர் தவறவிட்டிருப்பார். எட்டு ஜோடிக் கண்கள் சேர்ந்தால்தான் முழுக் கடல் தெரியும்.

நண்டு போடும் முடிச்சு

மீன்கொத்தி அணிக்குக் கயிறு வேலை. ஒரு நல்ல முடிச்சு கற்றுக்கொள்வோம். இதற்குப் 'போலைன்' என்று பெயர். இழுத்தால் இறுகாது, சுருங்காது. வேலை முடிந்ததும் சுலபமாக அவிழும். கப்பல்காரர்களும் மலை ஏறுபவர்களும் மீட்புப் படையினரும் நம்பும் முடிச்சு.

கயிற்றின் நீள முனையை இடது கையில் பிடியுங்கள். குறுமுனைப் பக்கம் மேலே வரும்படி ஒரு சின்ன வளையம் போடுங்கள். இந்த வளையம்தான் நண்டு வளை. கயிற்றின் நீளப் பகுதி தென்னை மரம். குறுமுனைதான் நண்டு. நண்டு வளைக்குள்ளிருந்து மேலே வருகிறது. தென்னை மரத்தின் பின்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றுகிறது. மறுபடி அதே வளைக்குள் இறங்குகிறது. இப்போது நண்டையும் மரத்தையும் எதிர் எதிராக இழுத்து இறுக்குங்கள். பெரிய வளையம் ஒன்று கிடைத்திருக்கிறதா? சபாஷ்!

பத்து முறை போட்டுப் பழகுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள். ஒன்று மட்டும் மறக்கக் கூடாது. விளையாட்டுக்குக்கூட யார் கழுத்திலும் கயிற்றைப் போடக் கூடாது.

கறுப்பு மணலில் வெள்ளைச் சாயம்

அணிகள் இடம் மாறி, நான்கு வேலையையும் நான்கு அணியும் செய்து முடித்ததா? விசில்! எண்ணிக்கை! 32ம் சரி. கட்டுச்சோற்றைப் பிரியுங்கள். சாப்பிட்டு முடித்ததும் இலை, தோல், காகிதம் எல்லாம் துணிப்பைக்குள். வரும்போது இருந்த இடத்தைவிடப் போகும்போது சுத்தமாக இருக்க வேண்டும்.

வெயில் தாழ்ந்ததும் ஆசிரியரோடு கடற்கரைக்கு. தண்ணீருக்குள் இறங்குவது கிடையாது. ஈரம் தொடாத மணலோடு நின்றுவிட வேண்டும்.

மணலைப் பாருங்கள். கறுப்பு, சிவப்பு, வெள்ளை என்று எத்தனை நிறம்! கறுப்புத் துகளில் இல்மனைட் என்ற கனிமம் இருக்கிறது. சிவப்புத் துகள் கார்னெட். மலைப் பாறைகள் தேய்ந்து, ஆறுகள் கொண்டுவந்து, கடல் அலைகள் சலித்துப் போட்டவை. கனமான துகளைக் கரையில் விட்டுவிட்டு, லேசான மணலை அலை இழுத்துச் செல்கிறது. பாட்டி முறத்தில் அரிசி புடைப்பாரே, கிட்டத்தட்ட அதே வேலைதான்.

ஒரு ரகசியம் சொல்லட்டுமா? இந்தக் கறுப்பு இல்மனைட்டிலிருந்துதான் வெள்ளைச் சாயத்துக்கான டைட்டானியம் டை ஆக்சைடு கிடைக்கிறது. கறுப்பு மணல், வெள்ளைப் பெயின்ட் ஆகிறது! ரசித்துவிட்டு மணலை அங்கேயே விட்டுவிடுங்கள். பாட்டிலில் அடைத்து வீட்டுக்கு எடுத்துவர வேண்டாம்.

கள்ளன் போல வரும் கடல்

தண்ணீரில் இறங்கக் கூடாது என்று ஆசிரியர் சொன்னதும் முகம் வாடிவிட்டதா? காரணத்தைக் கேளுங்கள்.

வானம் தெளிவாக இருக்கும். காற்றும் பலமாக இருக்காது. திடீரென்று பெரிய அலைகள் கரையேறி வந்து ஆட்களை இழுத்துச் சென்றுவிடும். இதற்குக் 'கள்ளக்கடல்' என்று பெயர். கள்ளனைப் போல் சத்தமில்லாமல் வருவதால் மீனவர்கள் வைத்த பெயர். விஞ்ஞானிகளும் இன்று அதே பெயரைச் சொல்கிறார்கள். ஆயிரக்கணக்கான கிலோ மீட்டர் தெற்கே, இந்தியப் பெருங்கடலில் எங்கோ புயல் வீசும். அங்கே எழுந்த அலைகள் நாள்கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து சேரும். 2024 மே மாதம், எச்சரிக்கை இருந்த நாளில், குமரி மாவட்டக் கடற்கரையில் இப்படிப்பட்ட அலைகள் ஐந்து பயிற்சி மருத்துவர்களின் உயிரைப் பறித்தன. படித்தவர்கள், இளைஞர்கள். கடல் அதையெல்லாம் பார்ப்பதில்லை.

ஐதராபாத்தில் இருக்கும் தேசியக் கடல்சார் தகவல் மையம் இந்த அலைகளைப் பற்றி முன்கூட்டியே எச்சரிக்கிறது. அதனால் கடற்கரைக்குப் புறப்படும் முன், அன்றைக்கு எச்சரிக்கை உண்டா என்று பார்க்கச் சொல்லி ஆசிரியரிடமோ அப்பா, அம்மாவிடமோ கேளுங்கள்.

யாராவது தண்ணீரில் சிக்கிக்கொண்டால்? பின்னாலேயே குதிக்காதீர்கள். காப்பாற்றப் போனவரும் மூழ்கிய செய்திகள் எத்தனை படித்திருக்கிறோம்! சத்தம் போட்டுப் பெரியவர்களையும் மீனவர்களையும் கூப்பிடுங்கள். கயிறு, காலி கேன், பந்து என்று மிதக்கும் எதையாவது தூக்கிப் போடுங்கள். அவர் எங்கே இருக்கிறார் என்று கண் எடுக்காமல் பார்த்துக் கையால் காட்டிக்கொண்டே இருங்கள். இன்னொருவர் 112 எண்ணுக்குப் போன் செய்யட்டும். ஆம்புலன்ஸுக்கு 108.

பத்து வயது டில்லி

2004 டிசம்பர் 26ம் தேதியை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சுமத்ரா அருகே கடலுக்கு அடியில் பெரிய பூகம்பம். அதில் எழுந்த சுனாமி, நம் குமரி மாவட்டக் கடலோர ஊர்களையும் புரட்டிப் போட்டது. ஆயிரக்கணக்கான தமிழ் மக்கள் உயிரிழந்தார்கள்.

அதே நாள் காலை, தாய்லாந்தில் புக்கெட் தீவின் மாய் காவோ கடற்கரையில், இங்கிலாந்திலிருந்து விடுமுறைக்கு வந்த டில்லி ஸ்மித் என்ற சிறுமி நடந்துகொண்டிருந்தாள். வயது 10. கடல் வழக்கம் போல இல்லை. நீர் நுரைத்துக் கொப்பளிக்கிறது. வந்த அலை திரும்பிப் போகாமல் ஏறிக்கொண்டே வருகிறது. மற்றவர்களும் அதைப் பார்த்தார்கள். ஆனால் டில்லிக்கு, இரண்டு வாரம் முன்பு புவியியல் வகுப்பில் ஆசிரியர் காட்டிய சுனாமி படம் ஞாபகம் வந்தது.

"சுனாமி வருகிறது!" என்று அப்பா, அம்மாவிடம் சொன்னாள். முதலில் நம்பவில்லை. விடாமல் சொன்னாள். அழுது, கத்திச் சொன்னாள். அப்பா காவலரிடம் சொன்னார். கடற்கரையே காலியானது. அதன் பிறகு அலை வந்தது. சுமார் 100 பேர் உயிர் பிழைத்தார்கள்.

டில்லி நீந்தவில்லை. யாரையும் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. கவனித்தாள், சொன்னாள், கேட்கும் வரை சொன்னாள். இதைவிடப் பெரிய சாகசம் எது?

இந்தியாவுக்கான சுனாமி முன்னெச்சரிக்கை மையம் 2007ல் ஐதராபாத்தில் தொடங்கியது. கருவிகள் வந்துவிட்டன. ஆனாலும் கடற்கரையில் நிற்கும்போது நில அதிர்வை உணர்ந்தாலோ, கடல் திடீரென்று வெகு தூரம் உள்வாங்கினாலோ, வேடிக்கை பார்க்க நிற்காமல் மேடான இடத்துக்கு ஓடிவிட வேண்டும். மற்றவர்களையும் கூப்பிட்டுக்கொண்டு!

கல்லில் வேண்டாம் கையெழுத்து

கிளம்பும் முன் கடைசி வேலை. கோட்டைச் சுவரைச் சுற்றிப் பாருங்கள். யாராவது பெயரைக் கீறி வைத்திருக்கிறார்களா? பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று 2010ல் சட்டத்தைக் கடுமையாக்கியிருக்கிறார்கள். இங்கே கூடாரம் அடிப்பதும் அடுப்பு மூட்டுவதும் கூடாது.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தக் கல்லைச் சுமந்து வந்தவர், செதுக்கியவர், அடுக்கியவர் என்று எத்தனையோ பேர் வேலை செய்திருப்பார்கள். அவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. அவர்களுடைய கல்லில் நம் பெயர் எதற்கு?

உங்கள் பெயரை எழுத ஒரு நல்ல இடம் இருக்கிறது. அன்று இரவே உங்கள் நோட்டில் எழுதுங்கள். தேதி, காற்றின் திசை, கோட்டையின் நீளம், பார்த்த பறவை, தப்பாகப் போட்ட முடிச்சு. கூடவே ஒரு கேள்விக்கும் பதில் எழுதுங்கள். இன்று உன் ஜோடியைப் பற்றி உனக்குப் புதிதாகத் தெரிந்தது என்ன? இருட்டென்றால் அவளுக்குப் பயமா? வெயிலில் அவனுக்குத் தலை சுற்றுமா? அடுத்த முகாமுக்கு இந்தக் குறிப்புதான் உங்கள் முதலுதவிப் பெட்டியைவிட உதவும்.

உங்கள் ஊரில் கோட்டை இல்லையா?

வட்டக்கோட்டைக்கு வர முடியாத தூரத்தில் இருக்கிறீர்களா? பரவாயில்லை. உங்கள் ஊரில் ஏரி இருக்கும், குன்று இருக்கும், பழைய கோயில் குளம் இருக்கும். பெயர் ஏன் வந்தது, கரை எத்தனை எட்டு, நிழல் எந்தப் பக்கம், ஆழம் எங்கே, ஆபத்து எங்கே என்று ஒரு வகுப்பே சேர்ந்து ஒரு நாள் கவனித்தால், அதுவும் சாகச முகாம்தான். ஆசிரியர் இல்லாமல் மட்டும் போகாதீர்கள். நீர்நிலை அருகே எண்ணிக்கை எடுக்க மறக்காதீர்கள்.

பஸ்ஸில் ஏறியாயிற்றா? ஒரு நிமிடம்! டிரைவர் மாமா வண்டியை எடுக்கும் முன் விசில் அடிக்கட்டும்.

ஒன்று, இரண்டு, மூன்று... முப்பத்து ஒன்று, முப்பத்து இரண்டு!

சரி, போகலாம்!